காசும் போச்சு, முற்றமும் கிண்டினபடி கிடக்கு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல நாலஞ்சு ஒரே விஷயம்தான், வீட்டு வளவு வேலைக்குக் காசு குடுத்துட்டு ஆளத் தேடித் திரியிற கத. மாரி வரப் போற நேரமெண்டதால இந்த இதழ முழுசா அதுக்கே விட்டாச்சு, சமையல் கேள்வி அனுப்பின ஆக்கள் கோவிக்காதீங்க, அடுத்த முறை கட்டாயம் வரும்.

கேள்வி (கல்லடியில இருந்து ஒரு டீச்சர்)

அக்கா, இது அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. முன் முற்றம் சும்மா மணலாத்தான் கிடந்தது, மழைக்கு வெள்ளம் நிக்கிறதும் வெயிலுக்கு மணல் வீட்டுக்குள்ள வாறதும் ஒரே கரைச்சல், அதனால சீட்டுக்காசு விழுந்ததோட கார்டன் வேலை செய்விப்பம் எண்டு முடிவெடுத்தன். எங்கட அவர்ட பெரியம்மாட மகன்தான் ஒரு மேசன் பாஸக் கூட்டி வந்தவர். அவர் எல்லாத்தையும் பார்த்துட்டு ஒரு சிமெந்துப் பில்லுக்குப் பின்பக்கம் எழுதித் தந்தார், செம்மண் நிரப்பி மட்டம் பண்ண 45,000, கேற்றுல இருந்து வாசல் வரைக்கும் இன்டர்லொக் பாதை 70,000, பூப்பாத்திக் கட்டு 25,000, புல்லு 35,000, தண்ணி லைனும் ரெண்டு டெப்பும் 10,000, எல்லாமா 185,000, சாமானும் அவர்ட பொறுப்பு. மூண்டு தரமா 120,000 குடுத்துட்டன், ரெண்டு தரம் பேங்குல போட்டது, ஒரு தரம் கையில. மண் நிரப்பி மட்டம் பண்ணினது வடிவாச் செஞ்சார், பாதை பாதி, பாத்திக் கட்டுக்குக் கல் வச்சிரிக்கு பூசல்ல, புல்லும் தண்ணி லைனும் தொடங்கவே இல்ல, லைனுக்கு வெட்டின கான் மட்டும் இரிக்கு. பிறகு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடியட்டும் டீச்சர் எண்டார், முடிஞ்சுது, பிறகு அம்மாவுக்குச் சுகமில்ல எண்டார், இப்ப போன் எடுக்கிறதே இல்ல, வட்ஸ்அப்புல ரெண்டு நீலக்கோடு விழுது மறுமொழி இல்ல. மிச்ச இன்டர்லொக் கல் கொஞ்சம் மதிலோரம் அடுக்கிக் கிடக்கு, அவர்ட வீல்பரோவும் கரண்டியும் கூட இஞ்சதான் இரிக்கு. ஒழுங்கையில கொட்டின மணலால பக்கத்து வீட்டு ஆக்களோடயும் மனஸ்தாபம். பெரியம்மாட மகன் மூஞ்சைக்காக விடு எண்டு இவர் சொல்றார். எனக்கு விட மனமில்ல, 120,000 சும்மா காசா அக்கா? பொலிசுக்குப் போகட்டா? வேற ஆளப் போடலாமா? அந்த வீல்பரோவ குடுக்காம வச்சிரிக்கலாமா?

பதில்

டீச்சர், பொலிசுக் கதைய கொஞ்சம் தள்ளி வைப்பம், முதல்ல ஒரு பேப்பரும் பேனையும் எடுங்க. நீங்க கடிதம் முழுக்க 120,000 போச்சு 120,000 போச்சு எண்டு எழுதியிரிக்கிறீங்க, ஆனா அவ்வளவும் போகல்ல. அவர் எழுதித் தந்த விலையிலேயே பார்ப்பம். மண் வேலை முழுசு 45,000. பாதை பாதி 35,000. பாத்திக் கட்டு பூசாம நிக்குது, அதுக்கு ஒரு 15,000 போடுவம். ஆக 95,000க்கு வேலை உங்கட முற்றத்தில இரிக்கு. நீங்க குடுத்தது 120,000. அவரிட்ட நிக்கிற உங்கட காசு 25,000. இனி மதிலோரம் அடுக்கிக் கிடக்கிற கல்லு, அது உங்கட காசில வந்த சாமான், அத எண்ணிப் பாருங்க, 10,000 பெறும் எண்டு வைங்கவன், அப்ப உங்கட சண்டை 15,000 ரூபாய்க்கு. நித்திரை கொள்ளாம மனசில சுமந்து திரியிற தொகைக்கும் உண்மையான தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

15,000 சின்னக் காசு, விட்டுத் தொலைங்க எண்டு சொல்ல வரல்ல, அது உங்கட காசு, கேக்கத்தான் வேணும். ஆனா 120,000 எண்டு நினைச்சிட்டுப் போய் நிண்டா உங்கட வாயில வாற வார்த்தை வேற, 15,000 எண்டு தெரிஞ்சு போனா வாற வார்த்தை வேற. அவரும் அப்பிடித்தான், "இவ்வளவு வேலை செஞ்சும் என்னக் கள்ளன் எண்டு சொல்லிட்டாங்க" எண்டு ஒரு காரணத்தப் பிடிச்சுக்கொண்டு வராமலே இருந்திடுவார். நான் பார்த்த வரைக்கும் இப்பிடி உடைஞ்சு போற வேலையில கனக்க, காசால இல்ல வாயாலதான் உடையிது.

நான் போட்டது குத்துமதிப்பு. நீங்க என்ன செய்யணும் எண்டா, இந்தப் பாஸுக்குத் தெரியாத வேற ஒரு மேசனக் கூப்பிட்டு, டேப் பிடிச்சு அளந்து, முடிஞ்சது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, மிச்சத்த முடிக்க அவர் எவ்வளவு கேட்பார் எண்டு ஒரு கடுதாசியில எழுதி வாங்குங்க. ஒருத்தர் பாதியில விட்ட வேலைய எடுக்கிற ஆள் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் கேட்பார், முந்தினவர் வச்ச மட்டம் பிழையா இருந்தா அதுவும் தன்ட தலையில விழும் எண்டு அவருக்குத் தெரியும். எல்லாத்தையும் போட்டோ எடுங்க, கல்ல மட்டும் கிட்டத்தில எடுக்காம வீடும் தெரியிற மாதிரி எடுங்க. அந்தச் சிமெந்துப் பில் பத்திரம். அதுல அவர் கையெழுத்துப் போடாட்டியும் பரவாயில்ல, அவர்ட கை எழுத்து, வேலையும் விலையும் பிரிச்சு எழுதியிரிக்கு, கனக்கப் பேருக்கு அந்தக் கடுதாசித் துண்டு கூட இருக்கிறதில்ல. பேங்க் சிலிப் ரெண்டையும் கொப்பி எடுத்து வைங்க, மை மங்கிப் போகும். கையில குடுத்த காசுக்கு ஒண்டும் இல்ல எண்டா, "இன்ன நாள் கையில தந்த காசோட சேர்த்து மொத்தம் 120,000 தந்திரிக்கிறன்" எண்டு வட்ஸ்அப்புல எழுதி அனுப்புங்க, அவர் இல்ல எண்டு மறுக்காட்டி பிறகு அது உங்கட பக்கம் நிக்கும். அவர் அனுப்பின வொய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் மகள்ட போனுக்கும் அனுப்பி வைங்க, உங்கட போன் தண்ணிக்குள்ள விழுந்தா எல்லாம் போயிடும்.

அடுத்தது, அவர் ஏன் வரல்ல எண்டு கண்டுபிடிக்கணும். கோபத்தில இத யாரும் செய்யிறதில்ல. எங்கட பக்கத்தில வேலைக்காரர் மறையிறதுக்குக் காரணம் பல மாதிரி. ஒண்டு வெள்ளாண்மை, சிறுபோக வெட்டு நேரமும் பெரும்போக விதைப்பு நேரமும் பாதிப் பேர் வயலுக்குப் போயிடுவாங்க, தனக்கு வயல் இல்லாட்டியும் மாமனார்ட வயல் இருக்கும். இன்னொண்டுதான் சரியான கஷ்டமானது, ஒரே நேரத்தில மூணு வளவுக்கு அட்வான்ஸ் வாங்குற ஆக்கள். உங்கட காசில முந்தின வீட்டு வேலைய முடிப்பார், உங்கட வேலைய முடிக்க இன்னொருத்தர் அட்வான்ஸ் குடுக்கணும், அந்த இன்னொருத்தர் கிடைக்காட்டி உங்கட முற்றம் அப்பிடியே கிடக்கும். இப்பிடியான ஆள் உங்களிட்ட ஒளிக்கிறது கள்ள மனசால இல்ல, கையில காசில்ல, சொல்ல வெக்கம். மூண்டாவது, விலைய குறைச்சுச் சொல்லிட்டு பாதியிலதான் கணக்குப் பார்த்திருப்பார், இனிச் செஞ்சா கைக்காசு போகும் எண்டு தெரிஞ்சதும் நிண்டிருப்பார். அம்மாவுக்குச் சுகமில்ல எண்டது உண்மையாவும் இருக்கலாம் டீச்சர், அதையும் விசாரியுங்க. கூட்டி வந்த உங்கட மச்சான் முறையான ஆளுக்குத்தான் இந்த வேலை. "மூஞ்சைக்காக விடு" எண்டு உங்கட அவர் சொல்றது எனக்குத் தலைகீழாத் தெரியிது, மூஞ்சை குடுத்துக் கூட்டி வந்தவர்தான் போய்க் கேக்கணும், அதுதானே முறை.

வயலுக்குப் போனவர் எண்டா நாள் குடுக்கலாம். காசு முடிஞ்ச ஆள் எண்டா இன்னும் காசு குடுத்து இழுக்கப் பார்க்காதீங்க, சாமான நீங்களே கடையில வாங்கிப் போட்டுட்டு அவருக்கு நாட்கூலி மட்டும் பின்னேரம் பின்னேரம் குடுத்து முடிப்பியுங்க, அந்த 15,000த்தையும் கூலியில கழிச்சுக்கொண்டு போகலாம். வெக்கத்தில ஒளிச்ச ஆள் கனக்கப் பேர் இந்தக் கதைக்கு வருவாங்க. விலை கட்டுப்படியாகாம விட்டவர் எண்டா மிச்ச வேலையில எத விடலாம் எண்டு ரெண்டு பேரும் கதைச்சு, புல்ல விட்டுட்டுப் பாதைய மட்டும் முடிக்கிற மாதிரி ஒரு முடிவுக்கு வாங்க.

எப்பிடியோ, ஒரு மெசேஜ் கட்டாயம் அனுப்பணும், திட்டி இல்ல, இப்பிடி: "தம்பி, நீங்க எழுதித் தந்தபடி 185,000 வேலையில மண் வேலை முடிஞ்சுது, பாதை பாதி, பாத்தி பூசல்ல, புல்லும் தண்ணி லைனும் செய்யல்ல. நான் தந்தது 120,000. வாற மாதம் 5ஆந் திகதிக்கு முதல் வந்து வேலையத் தொடங்குங்க. வர ஏலாட்டி அதையும் சொல்லுங்க, கணக்குப் பார்த்து முடிப்பம். மறுமொழி வராட்டி மிச்ச வேலைய வேற ஆளிட்டக் குடுத்துட்டு, கூடப் போற காச உங்களிட்டக் கேட்பன்." திகதி போடுறது முக்கியம். திகதி குடுக்காம வேற ஆளப் போட்டீங்க எண்டா, நாளைக்கு அவர் வந்து "நான் வரத்தான் இருந்தனான், டீச்சர்தான் அவசரப்பட்டு வேற ஆள விட்டா" எண்டு சொல்லிட்டு மிச்ச 65,000த்தையும் உங்களிட்டக் கேட்பார், கேட்ட ஆக்களும் இரிக்காங்க. அந்தத் திகதி தாண்டினா தாராளமா வேற ஆளப் போடுங்க.

வீல்பரோ, கரண்டி விஷயத்தில மட்டும் நான் கறாராச் சொல்லுவன், பிடிச்சு வைக்க வேணாம். அது அவர்ட பிழைப்புச் சாமான், உங்கட காசில வாங்கினதில்ல, அதப் பிடிச்சு வச்சா அவர் பொலிசுக்குப் போய் முறைப்பாடு வைக்கிற ஆளா மாறிடுவார், நீங்க பதில் சொல்ற ஆளா மாறிடுவீங்க. அவர்ட ஆள் வந்து கேட்டா ஒரு துண்டுல "எடுத்துட்டன்" எண்டு கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துடுங்க. கல்லு வேற விஷயம், அது உங்கட கணக்கில வந்தது, அதக் குடுக்க வேணாம். பேஸ்புக்ல அவர்ட படத்தப் போட்டு "இவரிட்ட ஏமாறாதீங்க" எண்டு எழுதுற பழக்கமும் இப்ப இரிக்கு, அதோட அந்த மனுஷன் உங்கட ஒழுங்கைக்குள்ளயே கால் வைக்க மாட்டார், வேலையும் இல்ல காசும் இல்ல.

பொலிஸ். காச வாங்கிட்டு வேலைக்கே வராம, பொய்ப்பேரும் பொய் அட்ரஸும் குடுத்து, அதே மாதிரிப் பல வீட்டில வாங்கியிரிக்கிறார் எண்டா அது மோசடி, அதுக்குப் பொலிசுக்குப் போகத்தான் வேணும். பாதி வேலை வடிவாச் செஞ்சுட்டு நிண்டவர் எண்டா அது பேச்சு மீறின கணக்கு, சிவில் விஷயம், பொலிஸ் கூப்பிட்டு விசாரிச்சாலும் கடைசியில "மத்தியஸ்த சபைக்குப் போங்க" எண்டுதான் சொல்லுவாங்க.

அந்த மத்தியஸ்த சபைதான் உங்களுக்குச் சரியான இடம். 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது, இந்த அளவுக் காசுப் பிரச்சினைக்கு அங்க போகாம நேரா கோர்ட்டுக்குப் போகவும் ஏலா. லோயர் உங்களுக்காகக் கதைக்க விடமாட்டாங்க, அவர் பக்கமும் அப்பிடித்தான், நீங்களும் அவரும் முன்னால இருந்து கதைக்க வேண்டியது. தீர்ப்புச் சொல்ற அதிகாரம் அவங்களுக்கு இல்ல, ரெண்டு பேரையும் ஒரு இணக்கத்துக்குக் கொண்டு வாறதுதான் வேலை. இணங்கினா அத எழுத்தில போட்டுக் கையெழுத்து வாங்குவாங்க, மாதம் எவ்வளவு தாறது எண்டும் எழுதலாம். அவர் வராட்டியோ இணங்காட்டியோ தீர்வு காணல்ல எண்டு ஒரு சான்றிதழ் தருவாங்க, அதோடதான் கோர்ட்டுப் படி ஏறலாம். உங்கட பிரிவுச் சபை எங்க, எப்ப கூடுது எண்டு பிரதேச செயலகத்தில கேட்டாச் சொல்லுவாங்க. நான் மேல சொன்ன கணக்குப் பேப்பர், மற்ற மேசன் எழுதின கடுதாசி, பில், போட்டோ எல்லாம் அங்கதான் உதவும், ஏனெண்டா அங்க இருக்கிற ஆக்களும் எங்கட ஊர் ஆக்கள்தான், ஓய்வெடுத்த அதிபர், கோயில நிருவகிக்கிற வண்ணக்கர் மாதிரி ஆக்களுக்கு "ஏமாத்திட்டான்" எண்டு அழுறதவிட "15,000 வரணும், இந்தாங்க கணக்கு" எண்டு நீட்டினா அலுவல் கெதியா முடியும். கோர்ட் மட்டும் போகணுமா எண்டு கேட்டா, 15,000க்கு என்ட மறுமொழி வேணாம். ஆனா தெரிஞ்சு வைங்க, வாய்ப்பேச்சில செஞ்ச ஒப்பந்தத்துக்கு வழக்கு வைக்க மூணு வருஷம், எழுதிக் கையெழுத்து வச்சதுக்கு ஆறு வருஷம், இது 1871ஆம் ஆண்டு காலாவதிச் சட்டத்தில இருந்து வாறது. ஆறப்போட்டு ஆறப்போட்டு இருந்தா உரிமையும் போயிடும்.

நுகர்வோர் அதிகார சபைக்கு, அதுதான் 1977 எண்ட நம்பருக்கு போன் அடிச்சா என்ன எண்டு சில ஆக்கள் சொல்லுவாங்க. கடை, கம்பனி எண்டு பேர் போட்டு பில் தாற இடமெண்டா நல்லது, முறைப்பாட்ட மூணு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கணும். சிமெந்துப் பில்லுக்குப் பின்னால எழுதித் தந்த தனி ஆளுக்கு அந்த வழியில மினக்கெடுறதவிட மத்தியஸ்த சபைதான் கிட்டின வழி.

இதெல்லாம் ஒரு பக்கம், மழை உங்களுக்காக நிக்காது. இத நான் காசவிட முக்கியமாச் சொல்றன். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினா மார்கழி, தை வரைக்கும் எங்கட பக்கத்தில கொட்டுற மழை தெரியும்தானே, கல்லடி முழுக்க மணல் தரை, மேல கொட்டின செம்மண் புல்லுப் பிடிக்காம வெறுமனே கிடந்தா ஒழுங்கைக்கு ஓடி வரும், பிறகு நீங்க செஞ்சு முடிச்ச அந்த 45,000 வேலையும் கரையிறதப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அதவிட மோசம் பாதை. இன்டர்லொக் கல்லுக்கு ஓரத்தில கேர்ப் கல் வச்சு சிமெந்தால இறுக்காம விட்டா, பாதியில நிக்கிற திறந்த முனையால அடிமணல் மழையோட ஓடும், கல் ஒவ்வொண்டா இறங்கும், பிறகு எல்லாத்தையும் கிளப்பித்தான் திரும்பப் பதிக்கணும். அதனால குடுத்த திகதி வரைக்கும் கூடப் பார்க்காம, போட்டோவும் அளவும் எடுத்து முடிஞ்ச கையோட, ஒரு மேசன நாட்கூலிக்குக் கூப்பிட்டு அந்த முனைய மட்டும் சிமெந்து வச்சு இறுக்குங்க, அந்தச் செலவையும் பேப்பர்ல எழுதி வைங்க. "மழைக்காகப் பாதுகாப்புக்குச் செஞ்சன்" எண்டு அவருக்கும் ஒரு மெசேஜ் போடுங்க. மட்டம் வீட்டுப் பக்கம் சரியிதா கேற்றுப் பக்கம் சரியிதா எண்டு ஒரு வாளி தண்ணிய ஊத்திப் பாருங்க, வீட்டுப் பக்கம் ஓடினா இப்பவே திருத்தணும்.

தண்ணி லைனுக்கு வெட்டின கானையும் சும்மா விடாதீங்க, மூடுங்க. அதுல தண்ணி நிண்டு நுளம்புக் குடம்பி வந்தா பி.எச்.ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கேட்கிறது பாஸ இல்ல, வளவுக்குச் சொந்தக்காரர. நுளம்பு பெருகுறதத் தடுக்கிற சட்டம் 2007ல வந்தது, மட்டக்களப்பில ஒவ்வொரு மாரிக்கும் டெங்கு வாறதும் புதினமில்ல, கோர்ட்டு வரைக்கும் இழுபடுவீங்க. கொத்து குழைச்ச சட்டி, வெறும் பெயின்ட் வாளி, வீல்பரோ எல்லாத்தையும் கவிழ்த்து வைங்க. ஒழுங்கை மணல இன்டைக்கே உள்ள அள்ளிப் போடுங்க டீச்சர், பாஸ் கொட்டினதா இருந்தாலும் அயலாக்களுக்கு முன்னால அது உங்கட மணல்.

கேள்வி (தோஹாவில வேலை செய்யிற திருக்கோவில் வாசகர்)

அம்மா தனிய இருக்கிறா, வளவச் சுத்தி வேலியும் முன்னால கார்டனும் செய்யச் சொல்லி ஒரு ஆளுக்கு நேரா அவர்ட அக்கவுண்டுக்குக் காசு அனுப்பினன். கிழமைக்கு ஒருக்கா போட்டோ வந்தது, நல்ல வடிவான புல்லு. அம்மாவக் கேட்டா "புல்லா? ஒரு லோட் எருதான் கொட்டினாங்க" எண்டு சொல்றா. இப்ப என்ன செய்ய?

பதில்

தம்பி, உங்கட விஷயம் டீச்சர்ட விஷயம் இல்ல. வேற வளவுப் படத்த உங்கட வளவு எண்டு அனுப்பிக் காசு வாங்கினது வேலை பிந்தினதில்ல, பொய் சொல்லி எடுத்தது. அந்தப் போட்டோக்கள், அவர் எழுதின மெசேஜ், காசு அனுப்பின ரசீது மூண்டையும் ஒழுங்கா அடுக்கி, அம்மாவோட நம்பிக்கையான ஒரு சொந்தக்காரர அனுப்பிப் பொலிசில முறைப்பாடு எழுதச் சொல்லுங்க. அதுக்கு முதல் அந்த ஆளுக்கு நீங்க கோபத்தில ஒண்டும் அனுப்பிடாதீங்க, தெரிஞ்சா மெசேஜ அழிச்சுடுவார், உங்கட போன்ல ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க முதல்ல.

இனி வேலைக்காரர்ட அக்கவுண்டுக்கு நேரா அனுப்புறத விடுங்க. ஊரில ஒரு மச்சானோ சித்தப்பாவோ, சும்மா இல்லாம அவருக்கும் போக்குவரத்துச் செலவு குடுத்து, அவர் போய்ப் பார்த்து அளந்த பிறகு அவர் கையால குடுக்கட்டும். போட்டோ வேணாம், வீடியோக் கோல் எடுத்து அம்மாவ வேலியோரம் நடக்கச் சொல்லிப் பாருங்க. வயசான அம்மா தனிய இருக்கிற வீடெண்டா வேலைக்காரர் வாற நாள் ஆராவது ஒரு ஆள் கூட இருக்கிறது காசுக்காக மட்டுமில்ல, அவட பாதுகாப்புக்கும் நல்லம்.

கேள்வி (அக்கரைப்பற்றில இருந்து ஒரு மேசன்)

நாங்க மட்டும் கள்ளனுகள் எண்ட மாதிரித்தான் எல்லாரும் கதைக்காங்க. நான் ஒரு வீட்டில பாதையும் தோட்டத்து மதிலும் பேசிச் செஞ்சன், வேலை நடக்கேக்குள்ள இந்த மூலையில குந்தி இருக்க ஒரு சீட் கட்டுங்க, அந்தக் கிணத்தடிக்கும் கல்லுப் பதிங்க எண்டு சொல்லிச் சொல்லிச் செய்விச்சாங்க, கடைசியில "பேசின காசுதான்" எண்டுட்டாங்க. நான் கடைசி வேலைய விட்டுட்டு வந்துட்டன். இப்ப என்னத்தான் ஊர் முழுக்க வேலைய விட்டுட்டு ஓடினவன் எண்டு சொல்றாங்க. அக்கா இதுக்கு என்ன சொல்றீங்க?

பதில்

உங்கட பக்கம் நியாயம் இரிக்கு தம்பி, நூத்துக்கு நூறு இல்ல, ஆனா இரிக்கு. "இதையும் சேர்த்துச் செஞ்சு விடுங்க" எண்ட வார்த்தை எங்கட வீடுகள்ல தண்ணி கேட்கிற மாதிரி வாறது, கேட்கிற ஆளுக்கு அது ரெண்டு மணித்தியாலம், உங்களுக்கு ஒரு நாள் கூலியும் அரை மூடை சிமெந்தும். அந்த இடத்தில நீங்க கையக் கழுவிட்டு நிண்டு, "செய்யலாம், இதுக்கு இவ்வளவு வரும், சரியா?" எண்டு கேட்டிருக்கணும். வாயால சரி எண்டா உடனே ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்க, "நீங்க சொன்னபடி கிணத்தடிக் கல்லுக்கு இவ்வளவு" எண்டு. பிறகு ஆராலயும் மறுக்க ஏலா.

விட்டுட்டு வந்தது மட்டும் சரியில்ல, ஏனெண்டா இப்ப அவங்க கையில ஒரு காரணம் இரிக்கு. திரும்பப் போங்க, தனியாப் போகாம பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருத்தரையோ ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்ச ஒரு ஹாஜியாரையோ கூட்டிட்டுப் போங்க, பேசின வேலை இது, மேலதிகமாச் செஞ்சது இது எண்டு ரெண்டு பட்டியலா எழுதிக் கொண்டு போங்க. சரிவராட்டி மத்தியஸ்த சபை உங்களுக்கும் திறந்துதான் இரிக்கு, அது வீட்டுக்காரருக்கு மட்டும் வச்சதில்ல. ஒண்டு மட்டும் கவனம், செஞ்ச வேலைக்கான கூலிய கேட்டு வழக்கு வைக்க உங்களுக்கு ஒரு வருஷம்தான், டீச்சருக்கு மேல சொன்ன மூணு வருஷம் இதுக்கு இல்ல. பெருநாள் போகட்டும், அறுவடை போகட்டும் எண்டு வீட்டுக்காரர் நாள் கடத்தினா அது உங்களுக்குத்தான் நட்டம்.

கேள்வி (வாழைச்சேனை வாசகி)

வளவில வேலை தொடங்கப் போறம், எவ்வளவு அட்வான்ஸ் குடுக்கலாம்? குடுக்காட்டி வரமாட்டன் எண்டு சொல்றார்.

பதில்

குடுக்காம ஏலா புள்ள, அவரும் கையில காசில்லாமத்தான் வேலைக்கு வாறார். ஆனா சாமானுக்கு எண்டு அட்வான்ஸ் குடுக்காதீங்க, சாமான நீங்களே கடைக்குப் போய் வாங்கி, லோட் வந்து இறங்கேக்குள்ள மண், மணல் அளக்கிற கியூப் கணக்கச் சரிபார்த்து, டிப்பர்காரருக்கு நேரா காசு குடுங்க. பாஸுக்கு முதல் ரெண்டு மூணு நாள் கூலி அளவுக்கு அட்வான்ஸ் காணும். பிறகு ஒவ்வொரு துண்டு வேலையும் முடிய முடியக் குடுங்க, அப்ப எந்த நாளில அவர் நிண்டாலும் உங்கட காசு அவரிட்ட நிக்காது. எந்தத் துண்டுக்கு எவ்வளவு எண்டு தொடங்க முதலே கொப்பியில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து, அவர்ட அடையாள அட்டை இலக்கமும் அதுலயே. எழுத மாட்டன் எண்டு சொல்ற ஆள விட்டுட்டு வேற ஆளப் பாருங்க, எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும்.

பத்தில ஒரு பங்கு காச கடைசிக்கு வைங்க, வேலை முடிஞ்சு ஒரு நல்ல மழை பெய்ஞ்சு தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எண்டு பார்த்த பிறகு தாறது எண்டு அதையும் அந்தக் கொப்பியிலயே எழுதுங்க. மழை வர மூணு மாசம் இரிக்கே எண்டு அவர் கேட்டா, கிணத்துப் பம்ப அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பார்த்துட்டு அண்டைக்கே குடுத்து விடுங்க, பாவம்.